பாவாடை மாமா நீட்டிய கை

புதுச்சேரியில் செஸ் ஆடுகிறோம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "அப்ப நீங்கள்லாம் பிரெஞ்சு டிஃபென்ஸ்தான் ஆடுவீங்களா?" எங்கள் கிளப்பில் அதை ஆடுகிற ஆள் ஒருவர்கூடக் கிடையாது. எங்களுக்குப் பிடித்தது ஈரல் வறுவல்.

தட்டைத் தேட வேண்டாம். அதுவும் ஓர் ஓப்பனிங்தான், ஆட்டத்தைத் தொடங்குகிற ஒரு வழி. வெள்ளைக்காரர் (காயைச் சொல்கிறேன்) தன் குதிரையைக் கொண்டுபோய்க் கறுப்பு ராஜாவின் வாசலில் வெட்டக் கொடுப்பார். ராஜா வெட்டுவார். வெட்டிய கையோடு வெள்ளை ராணி வந்து செக் வைக்கும். ராஜா தன் பக்கத்துக் குதிரையைக் காப்பாற்றுவதற்காக வீட்டை விட்டு நடுத்தெருவுக்கு வந்து நிற்க வேண்டும். அப்புறம் இரண்டில் ஒன்று நடக்கும். ராஜா தெருவிலேயே அகப்பட்டுக்கொள்வார், இல்லையென்றால் குதிரையைத் தொலைத்தவன் திருதிருவென்று முழிப்பான்.

எங்கள் கிளப்பில் இதை அதிகம் ஆடியவரும் அதிகம் முழித்தவரும் ஒருவரே. குருசுக்குப்பத்துப் பாவாடை மாமா.

பெயரைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். அது குலசாமியின் பெயர். போனில் ஆடும்போது அந்தப் பெயரைப் பார்த்துவிட்டு எவனோ சிரிப்புப் பொம்மை அனுப்பினான். மாமா பதில் அனுப்பவில்லை. ஈரலை வறுத்து அனுப்பினார்.

மாமா மீசை முளைப்பதற்கு முன்பே கடலுக்குப் போனவர். ஒருநாள் கரையேற்றும்போது படகு அலையில் திரும்பி அவருடைய இடது முழங்காலில் ஏறிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டு. பக்கத்துக் கட்டிலில் உப்பளத்து அல்போன்ஸ். ஸ்கூட்டருக்குக் குறுக்கே மாடு வந்ததில் அவருக்கு வலதுகால். "ரெண்டு பேரையும் சேத்துக் கட்டினா ஒரு ஆளு நடக்கலாம்" என்று நர்ஸம்மா சொல்வாராம்.

அல்போன்ஸ் அண்ணனுக்கு உப்பளத்தில் ஜெராக்ஸ் கடை. அவருடைய தலையணைக்கு அடியில் காந்தம் வைத்த சின்ன செஸ் போர்டு ஒன்று இருந்தது. பொழுது போகாமல் ஓப்பனிங் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார். ஆஸ்பத்திரி ரொட்டியும் பாலும் தின்று மாமாவுக்கு நாக்கு செத்துப்போயிருந்த நேரம் அது. ஒரு பெயரில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "மச்சான், அந்த ஈரலு சொன்னியே, அதச் சொல்லு."

அப்படித்தான் ஆரம்பித்தது. மாமாவால் மறுபடி கடலுக்குப் போக முடியவில்லை. மீனும் ஐஸும் ஏற்றுகிற லோடு ஆட்டோ வாங்கினார். வாரக் கடைசியில் அல்போன்ஸ் அண்ணனையும் அதில் ஏற்றிக்கொண்டு முத்தியால்பேட்டைக்கு வருவார். அங்கே சைக்கிள் கடை மாடியில் எங்கள் கிளப். மீன் வாசனை முதலில் படியேறும், பின்னாலேயே இரண்டு பேரும் நொண்டிக்கொண்டு ஏறுவார்கள். மாமாவுக்கு ரேஷன், இன்சூரன்ஸ் என்று எந்த ஃபாரம் வந்தாலும் அல்போன்ஸ் அண்ணன்தான் எழுதிக் கொடுப்பார். விரல் வைத்துக் காட்டிய இடத்தில் மாமா கையெழுத்துப் போடுவார். எதற்கு என்று கேட்டதே கிடையாது.

அந்த இரண்டு பேரும் மூன்று வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை. காரணம் ஒரு கை.

எங்கள் கிளப்பில் ஒரு பழக்கம் உண்டு. தோல்வியை ஒப்புக்கொள்கிறவர் முதலில் தன் ராஜாவைப் படுக்க வைத்துவிட்டுக் கை கொடுப்பார். ராஜா நின்றுகொண்டிருக்கும்போது கை நீட்டினால் அது டிரா. வாய் திறக்க வேண்டியதில்லை. சட்டப் புத்தகத்தில் இப்படி இல்லை. அதைப் படித்தவர்களும் எங்கள் கிளப்பில் இல்லை.

மூன்று வருடத்துக்கு முன் கோவைப் போட்டிக்குப் போகும் நாலு பேர் அணிக்காகக் கிளப்புக்குள் போட்டி. கடைசி ஆட்டம் மாமாவுக்கும் அல்போன்ஸ் அண்ணனுக்கும். மாமாவுக்கு டிரா போதும். அல்போன்ஸ் அண்ணனுக்கு ஜெயித்தால்தான் சீட். டிராதானே என்று குப்பத்துப் பையன்கள் முதல்நாளே ஃபிளெக்ஸ் அடித்துவிட்டார்கள். மாமா கன்னத்தில் விரல் வைத்திருக்கிற படம், தலைக்குப் பின்னால் ஒரு புலி, 'கோவை நோக்கிப் புறப்படும் குப்பத்தின் குதிரை.' புலியை ஏன் போட்டார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஆட்டத்தில் மாமா வெள்ளை. வழக்கம்போல் குதிரையைக் கொடுத்தார். ராஜாவைத் தெருவுக்கு இழுத்தார். மேட் கிடைக்கவில்லை. ஆனால் ராணியால் இந்தப் பக்கம் ஒரு செக், அந்தப் பக்கம் ஒரு செக் என்று விடியும்வரை வைத்துக்கொண்டே இருக்கலாம். டிரா என்பது பார்த்தவுடன் தெரிகிற நிலை. மாமா கையை நீட்டினார். அல்போன்ஸ் அண்ணன் பிடித்துக் குலுக்கினார். ஆட்டத்தாளில் என்னவோ எழுதினார், விரலால் இடத்தைக் காட்டினார். மாமா கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்கு நடுவர் வெளியூர்க்காரர். தாளை வாங்கிச் சத்தமாகப் படித்தார்: "கறுப்பு வெற்றி."

"ராஜாவ நான் சாய்க்கவே இல்லியே" என்றார் மாமா.

"ஒரு குதிர கம்மியா வச்சினு கை நீட்டினா என்னன்னு நெனைக்கறது? போட்டில கிளப்பு பழக்கம்லாம் செல்லாது" என்றார் அல்போன்ஸ் அண்ணன். மாமா முகத்தைப் பார்த்து அவர் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. அந்த நிலையைப் போனில் போட்டுப் பார்த்தபோது, செக் வைப்பதை நிறுத்திவிட்டு ராஜாவுக்குக் கோட்டை கட்டியிருந்தாலே மாமா ஜெயித்திருப்பார் என்று தெரிந்தது. ஒதுங்கிக் கிடந்த யானை நடுவே வந்திருக்கும், கதை முடிந்திருக்கும். ஜெயிக்கிற ஆட்டத்தில் டிரா கேட்டுத் தோற்ற ஒரே மனிதர் என்று கிளப் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அன்று சாயங்காலம் ஃபிளெக்ஸைப் பையன்கள் அவிழ்த்தார்கள். மாமா அதை வாங்கிப் படத்தை உள்பக்கம் போட்டு ஆட்டோவில் ஐஸ் பெட்டிகளை மூடினார். அதற்கப்புறம் அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எங்கள் செயலாளர் தெய்வநாயகம் சார் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்: 'டிரா வேண்டுவோர் வாயால் கேட்கவும்.' அதற்குக் கீழே யாரோ 'சாம்பார் வேண்டுவோர் கையால் கேட்கவும்' என்று எழுதிவிட்டார்கள். யார் என்று இன்றுவரை தெரியவில்லை. கையெழுத்து மட்டும் என்னுடையது மாதிரி இருக்கும்.

இந்த வருடமும் கோவை அணிக்கு ஆட்டம் நடந்தது. எல்லோரும் எல்லோரோடும் ஆட வேண்டும். மாமாவுக்கும் அல்போன்ஸ் அண்ணனுக்குமான ஆட்டம் மட்டும் தள்ளிக்கொண்டே போனது. ஒரு வாரம் மாமாவுக்கு வண்டி ரிப்பேர். மறுவாரம் அண்ணனுக்கு ஞானஸ்நான விருந்து. கடைசியில் எல்லா ஆட்டமும் முடிந்து அது ஒன்றுதான் பாக்கி. மூன்று சீட் முடிவாகிவிட்டது. நாலாவது சீட்டுக்கு மாமா ஜெயிக்க வேண்டும். ஜெயிக்காவிட்டால் அது பத்தாவது படிக்கிற சுவேதாவுக்கு. அல்போன்ஸ் அண்ணனுக்கு இந்த வருடம் எந்த வாய்ப்பும் இல்லை. நான் கடைசி இடம். அதை யாராலும் என்னிடமிருந்து பறிக்க முடியாது.

அந்த வாரமும் வழக்கம்போல் மாமாவோடு ஆட்டோவில் போய் ஐஸ் பெட்டிகளை இறக்கிக் கொடுக்கும்போது சொன்னேன். "மாமா, இந்த தபா செயிச்சி அந்தாள மூஞ்சில அடிக்கணும்."

மாமா பெட்டியைத் தள்ளிக்கொண்டே சொன்னார்: "எனக்கு செயிக்கலாம் வேணான்டா. நான் கேட்டது டிராதான்னு அவன் வாயால சொல்லணும். அது போதும்."

"சொன்னா சீட்டு கெடைக்குமா?"

"சீட்டு வேற, இது வேற."

எனக்கு அது அப்போது விளங்கவில்லை. பள்ளிக்கூடமும் நானும் பதினொன்றாம் வகுப்போடு டிரா போட்டுக்கொண்டவர்கள். பல விஷயம் எனக்கு மெதுவாகத்தான் ஏறும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். இரண்டு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். ஆட்டம் தொடங்குமுன் கை கொடுக்க வேண்டும், அது விதி. விரல் நுனிகள் தொட்டன, பிரிந்தன. சூடான தோசைக்கல்லைத் தொட்டவர்கள் மாதிரி. தெய்வநாயகம் சார்தான் நடுவர். கடிகாரத்தை ஓடவிட்டார்.

மாமா ராஜாவுக்கு முன்னால் இருக்கிற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார். அல்போன்ஸ் அண்ணனும் தள்ளினார். குதிரை வந்தது, குதிரை வந்தது. மாமாவின் மந்திரி வந்தது. அல்போன்ஸ் அண்ணன் இரண்டாவது குதிரையை எடுத்ததும் எனக்குப் பக்கத்தில் சிப்ஸ் தின்றுகொண்டிருந்த சுவேதா மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

"அண்ணா, இது ஈரலுக்குப் போற வழி."

"அல்போன்ஸ் அண்ணனுக்குத் தெரியும். ஓரமா ஒதுங்கிடுவாரு."

ஒதுங்குவது சுலபம். மாமாவின் குதிரை பாய்ந்து உட்காரும், சிப்பாய் சிப்பாயை வெட்டும். அந்தச் சிப்பாயைப் பதிலுக்குக் குதிரையால் வெட்டாமல், இன்னொரு குதிரையை ஓரத்தில் வைத்து மந்திரியை விரட்டினால் போதும். எங்கள் கிளப்பில் எட்டு வயதுப் பையனுக்கும் இது தெரியும்.

அல்போன்ஸ் அண்ணன் குதிரையால் வெட்டினார்.

மாமா தலை நிமிர்ந்தார். மூன்று வருடத்தில் முதல் முறையாக அண்ணன் முகத்தை நேராகப் பார்த்தார். அண்ணன் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காதுமடல் சிவந்திருந்தது.

மாமா யோசித்தார். அந்த இடத்தில் யோசிக்க ஒன்றுமே இல்லை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஆடுவார். ஆனாலும் அவருடைய கடிகாரம் பாட்டுக்கு ஓடியது. கீழே சைக்கிள் கடையில் யாரோ பம்ப் அடிக்கிற சத்தம். அப்புறம் குதிரையைத் தூக்கிக் கறுப்பு ராஜாவின் வாசலில் வைத்தார். வெட்டினார் அண்ணன். ராணி வந்தது, செக். ராஜா தெருவுக்கு வந்தது.

அதற்கப்புறம் நடந்ததை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். அதே காய், அதே கட்டம். மூன்று வருடத்துக்கு முன் ஆடிய ஆட்டத்தை அல்போன்ஸ் அண்ணன் ஒரு நகர்த்தல்கூட மாற்றாமல் ஆடினார். மாமாவும் மாற்றவில்லை. ஆனால் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மாமா அதிகமாக நேரம் எடுத்தார். கூடம் நிறைய ஆள். மின்விசிறி மாமாவின் சட்டைக் காலரைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

அந்த நிலை வந்துவிட்டது. கோட்டை கட்டினால் வெற்றி.

சுவேதா என் காதில் கிசுகிசுத்தாள். "அல்போன்ஸ் அங்கிள் வேணும்னே தோக்கறாரா?"

அப்போதுதான் எனக்கு ஏறியது. அன்றைக்கு எடுத்ததை இன்றைக்குத் திருப்பி வைக்கிறார். வாயைத் திறக்காமல், மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்லாமல், வெற்றியை அப்படியே போர்டில் வைத்து நகர்த்திவிடுகிறார். எடுத்துக்கொள், கோவைக்குப் போ, கணக்கு முடிந்தது.

மாமாவுக்கு அது எனக்கு முன்பே புரிந்திருக்கும். அவருடைய தாடை அசைந்துகொண்டே இருந்தது. கடிகாரத்தில் அவருக்கு இரண்டு நிமிடமும் சொச்சமும்தான் மிச்சம். கை ராஜாவுக்கு மேலே போனது. கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். கை அங்கேயே நின்றது. அப்புறம் நகர்ந்து ராணியை எடுத்தது.

செக்.

அண்ணன் திடுக்கிட்டுப் பார்த்தார். வேறு வழியில்லை, ராஜாவை நகர்த்தினார். அந்தப் பக்கம் ஒரு செக். ராஜா திரும்பியது. மறுபடியும் இந்தப் பக்கம் செக். காயை வைத்துவிட்டு மாமா கடிகாரத்தை அமுக்கவில்லை. வலது கையைப் போர்டுக்கு மேலாக நீட்டினார்.

அன்றைக்கு நீட்டிய அதே கை. வாய் மூடியிருந்தது. ராஜா நின்றுகொண்டிருந்தது.

தெய்வநாயகம் சார் தொண்டையைச் செருமினார். பேனாவால் சுவரைக் காட்டினார். 'வாயால் கேட்கவும்.' மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அமுக்காததால் இன்னும் ஓடுவது மாமாவின் கடிகாரம்தான். வாய் திறந்து கேட்காதவரை அது டிரா கேட்டதாகாது. நேரம் தீர்ந்தால் தோல்வி. அல்போன்ஸ் அண்ணன் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும், இரண்டாவது தடவையும் அதே கையால் மாமா தோற்பார்.

ஒரு நிமிடத்துக்கும் கீழே வந்துவிட்டது.

"ஏன்டா கட்டல?" அல்போன்ஸ் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். "கோட்ட கட்டினா முடிஞ்சிது. தெரியும் இல்ல உனக்கு?"

"பேசக் கூடாது" என்றார் தெய்வநாயகம் சார்.

மாமாவின் கை நீட்டியபடியே இருந்தது. லோடு தூக்கிக் காய்த்துப்போன கை. நாற்பது நொடி. முப்பது. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கிளப் மெயின் சுவிட்சை அணைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். இது பேட்டரி கடிகாரம் என்பது அப்புறம்தான் உறைத்தது.

"மாமா, அமுக்கு மாமா" என்று யாரோ சொன்னார்கள். நான்தான்.

அல்போன்ஸ் அண்ணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"சார். பாவாட டிரா கேக்கறான்."

"அவரு வாயத் தொறக்கலியேப்பா."

"தொறக்க மாட்டான் சார். அன்னிக்கும் தொறக்கல. ராஜாவ சாய்க்கல. டிராதான் கேட்டான், எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கையப் புடிச்சேன்." மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மறுபடி மாட்டினார். "சீட்டு ஆச சார். ஒரே ஒரு நிமிஷம் ஆசப்பட்டேன். அப்பறம் சொல்லலாம்னா வாய் வரல. மூணு வருஷமா வரல."

பிறகு மாமாவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "டிரா. எனக்கு சம்மதம். போதுமாடா?"

தெய்வநாயகம் சார் பாய்ந்து கடிகாரத்தை நிறுத்தினார். அதில் நாலு நொடி இருந்தது.

மாமா கையை உருவிக்கொள்ளவில்லை. "இத அன்னிக்கே சொல்லிருந்தா நானே உனக்கு சீட்ட வுட்டுக் குடுத்திருப்பன்டா, வெண்ண" என்றார்.

ஆட்டத்தாளை அல்போன்ஸ் அண்ணன் எழுதினார். பழக்கதோஷம், விரலை வைத்துக் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார். மாமா பேனாவை எடுக்கவில்லை.

"கண்ணாடியக் குடு."

அல்போன்ஸ் அண்ணன் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தார். மாமா அதை மாட்டிக்கொண்டு தாளை எட்டப் பிடித்து, மேலிருந்து கீழ்வரை, தேதிவரை படித்தார். ஆளுக்கு அரைப் புள்ளி. அப்புறம்தான் கையெழுத்து. அவ்வளவு நேரமும் அல்போன்ஸ் அண்ணன் கண்ணாடி இல்லாமல், பரீட்சைத் தாள் திருத்தக் கொடுத்த பையன் மாதிரி நின்றார்.

"அப்ப நாலாவது சீட்டு நான்தானே? அங்கிள், நான்தானே?" சுவேதாவுக்குச் சந்தோஷப்படலாமா கூடாதா என்று தெரியவில்லை. கையில் சிப்ஸ் பாக்கெட் நசுங்கிக்கொண்டிருந்தது.

"நீதாம்மா. நல்லா போயிட்டு வா" என்றார் மாமா. "அங்க ஈரல் வறுக்காத. எல்லாருக்கும் தெரிஞ்சி போச்சி." சிரித்தார். ஆனால் படி இறங்கும்போது சுவரில் ஒட்டியிருந்த கோவைப் போட்டி நோட்டீஸ் முன்னால் ஒரு கணம் நின்றதை நான் பார்த்தேன்.

கீழே வந்ததும் அவருடைய வீட்டம்மா கண்ணகி அத்தையின் போன். மாமா எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"செயிச்சியா?"

"இல்ல."

"தோத்துட்டியா?"

"இல்ல."

"பின்ன மூணாவதா ஒண்ணு இருக்குதா உங்க ஆட்டத்துல?"

"இருக்குது."

அத்தை எதையோ இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு கேட்டார்: "அந்த ஜெராக்ஸு வாயத் தொறந்துச்சா?"

"தொறந்தான். பக்கத்துலதான் நிக்கறான்."

"கேக்கறாரா? கேக்கட்டும். மூணு வருஷமா பித்து புடிச்ச மாதிரி ஆக்கி வச்சிருக்காரு உன்ன. இட்டுனு வா. வஞ்சிரம் வச்சிருக்கேன். முள்ளு இருக்கற துண்டா பாத்துப் போடறேன்."

அல்போன்ஸ் அண்ணன் ஆட்டோவைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். அந்தக் கதவு ஒரு தடவை சாத்தினால் மூடாது. கொஞ்சம் தூக்கி இரண்டு தடவை அடிக்க வேண்டும். எனக்கே அது பல நாள் மறந்துபோகும். அண்ணன் ஏறி உட்கார்ந்து, தூக்கி, இரண்டு தடவை அடித்தார். பிறகு என்னவோ நினைத்துக்கொண்டு திரும்பவும் இறங்கி, பின்பக்கம் வந்து, ஐஸ் பெட்டியை மூடியிருந்த ஃபிளெக்ஸின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தார். உள்பக்கம் ஈரத்தில் வெளுத்துப்போன மாமா, கன்னத்தில் விரலோடு. புலிக்குக் கண் ஒன்றுதான் மிச்சம்.

மீசைமேல் ஒட்டியிருந்த மீன் செதிலை நகத்தால் சுரண்டி எடுத்தார்.

"இதுல மீச நல்லாருக்குதுடா உனக்கு" என்றார் கடைசியில்.

மாமா வண்டியைக் கிளப்பினார். "மூடிட்டு வந்து ஏறு. ஐஸ் உருகுது."